இங்கிலாந்துப் பங்கு ஆலயத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி: சுவரிலிருந்து ஆவணக் காப்பகம் வரை

இங்கிலாந்தில் நீங்கள் இருக்கும் ஊரின் பழைய ஆலயத்தைப் பற்றி எழுத நினைத்தால், வாசலில் விற்கும் சிறு கையேட்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அதில் "12-ஆம் நூற்றாண்டு ஆலயம்" என்று ஒரு வரி இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் வடக்குச் சுவர் மட்டும்தான் 12-ஆம் நூற்றாண்டாக இருக்கும். கோபுரம் 15-ஆம் நூற்றாண்டு, கூரை 1870-களில் போட்டது, பழசுபோலத் தெரியும் ஜன்னல்களில் பாதி 19-ஆம் நூற்றாண்டின் விக்டோரியா காலத்துக் கொத்தர்கள் செய்தவை. இந்தக் கட்டடங்களுக்கு ஒரே வயது என்று ஒன்று கிடையாது. பகுதி பகுதியாகத்தான் காலம் சொல்ல முடியும்.

நடுத்தர அளவுள்ள ஒரு கிராமத்து ஆலயத்துக்கு வீட்டில் ஒரு மாலை, ஆலயத்தில் ஒரு முழுப் பகல், காப்பகத்தில் இரண்டு நாள் என்று ஒதுக்குங்கள். பயணச் செலவை விட்டால் பெரிய செலவு இல்லை. வரிசை முக்கியம்: முதலில் சுவர், பிறகு காகிதம். காப்பகத்துக்கு முதலில் ஓடுகிறவர்கள் எதைக் கேட்பது என்று தெரியாமல் நாளை வீணாக்குவார்கள்.

1. வீட்டிலிருந்தே முடிக்க வேண்டியவை

பழங்கட்டடங்களைக் கவனிக்கும் பொது அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நடத்தும் தேசியப் பாரம்பரியப் பட்டியல் இணையத்தில் இலவசம். ஊர்ப் பெயரைத் தட்டினால் ஆலயத்தின் பதிவு எண், தரம், சிறு விவரிப்பு வரும். தரம் மூன்று: முதல் தரம், நட்சத்திரமிட்ட இரண்டாம் தரம், இரண்டாம் தரம். பட்டியலில் உள்ள எல்லாக் கட்டடங்களிலும் முதல் தரம் பெற்றவை சுமார் 2.5 சதவீதம்தான். ஆனால் இடைக்கால ஆலயங்களில் முதல் தரம் பெற்றவை ஏராளம் என்பதால், அதை மட்டும் வைத்து உங்கள் ஆலயம் அபூர்வமானது என்று எழுதிவிட முடியாது.

இந்தப் பட்டியலில் ஒரு பொறி உண்டு. பல பதிவுகள் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை. ஒரு கட்டடத்தைச் சட்டப்படி அடையாளம் காட்டத்தான் அவை எழுதப்பட்டன, ஆய்வு முடிவாக அல்ல. சில பதிவுகள் நான்கு வரிக்கு மேல் போகாது. உள்ளே இருக்கும் ஒரு பொருளைப் பதிவு குறிப்பிடவில்லை என்றால் அது முக்கியமற்றது என்று பொருள் இல்லை.

அடுத்து விக்டோரியா கவுன்டி வரலாற்றுத் தொகுதிகள் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது). 1899-இல் தொடங்கிய இந்தத் திட்டம் இன்னும் முடியவில்லை. சில கவுன்டிகளுக்கு முழுதாக இருக்கும், சிலவற்றுக்குப் பெயருக்குத்தான் இருக்கும். பழைய தொகுதிகள் பலவற்றைப் பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் படிக்கலாம். கட்டடக்கலை வரலாற்றாளர் பெவ்ஸ்னரின் கவுன்டி வாரியான கட்டடக் கையேடுகள் பெரும்பாலான பொது நூலகங்களில் இருக்கும். திருத்திய பதிப்பையே கேளுங்கள். 1951 முதல் 1974 வரை வந்த முதல் பதிப்புகளில் உள்ள பல தேதிகள் பின்னால் மாற்றப்பட்டுள்ளன.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்தின் பழைய பெரிய அளவு வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலயத்தின் தரைவடிவம் என்ன என்று அங்கே பார்த்து, இன்றைய வடிவத்தோடு ஒப்பிடுங்கள். பின்னால் சேர்த்த அறைகள் உடனே தெரிந்துவிடும்.

2. போகும் நாளும் பையில் இருக்க வேண்டியதும்

பங்கு ஆலயங்களில் பொதுவாக நுழைவுக் கட்டணம் இல்லை. உண்டியலில் போடுவது உங்கள் விருப்பம். பல ஆலயங்கள் பகலில் திறந்தே இருக்கும். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று முகப்பு மண்டபத்தில் ஒட்டியிருப்பார்கள். ஆராதனை நேரங்களை இங்கிலாந்துத் திருச்சபையின் இணையதளத்தில் பார்க்கலாம். ஞாயிறு காலை போகாதீர்கள். சனிக்கிழமை பிற்பகலில் திருமணம் இருக்க வாய்ப்பு அதிகம். வாரநாள் காலையே நல்லது. வழிபாடு நிறுத்தப்பட்ட 350-க்கும் மேற்பட்ட ஆலயங்களைப் பராமரிக்கும் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்டின் கட்டடங்களில் இன்னும் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பைனாகுலர் (இது இல்லாமல் கூரையையும் மேல் ஜன்னல்களையும் பார்க்கவே முடியாது), நல்ல டார்ச், 5 மீட்டர் அளவு நாடா, திசைகாட்டி, பென்சில், கட்டம் போட்ட நோட்டு. கோடையிலும் ஒரு ஸ்வெட்டர். கல் கட்டடத்துக்குள் இரண்டு மணி நேரம் நின்றால் எலும்புவரை குளிரும்.

சுவரில் எதையும் சுரண்டாதீர்கள், துளையிடாதீர்கள். ஆலயத்தில் செய்யும் மாற்றங்களுக்கு ஃபேகல்ட்டி எனப்படும் திருச்சபை அனுமதி வேண்டும். ஆராய்ச்சி என்று சொன்னாலும் விலக்குக் கிடையாது. தரையில் பதித்த பித்தளைத் தகடுகளின் மேல் காகிதம் வைத்து மெழுகால் தேய்த்துப் பிரதி எடுப்பதற்கும் குருவானவரின் அனுமதி தேவை. அதற்குக் கட்டணமும் கேட்கலாம்.

3. வெளியே ஒரு முழுச் சுற்று

உள்ளே போகும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் வெளிப்புறத்தை இருமுறை சுற்றி வாருங்கள். பீடம் கிழக்கே இருக்கும். ஆனால் துல்லியமான கிழக்காக இருக்க வேண்டியதில்லை. குறிப்பு எழுதும்போது பீடம் இருக்கும் பக்கத்தையே கிழக்கு என்று கொள்ளுங்கள். எல்லாப் பழைய ஆவணங்களும் அப்படித்தான் பேசும்.

பகுதிகளின் பெயர்கள் இவை. மக்கள் அமரும் பெருங்கூடம் நேவ். பீடம் இருக்கும் கிழக்குப் பகுதி சான்சல். நேவின் இருபுறமும் தூண் வரிசைக்கு அப்பால் நீளும் பக்கக் கூடம் ஐல். நேவுக்கு மேலே ஐல் கூரையைத் தாண்டி எழும் ஜன்னல் வரிசை கிளியர்ஸ்டோரி. நுழைவாயில் மண்டபம் போர்ச்.

நேவும் சான்சலும் ஏன் இவ்வளவு வேறுபட்டு நிற்கின்றன என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். பணம்தான் காரணம். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து சான்சலைப் பழுதுபார்ப்பது ரெக்டரின் (ஊரின் தசமபாகத்தைப் பெறும் உரிமை உள்ளவர்) பொறுப்பு, நேவும் கோபுரமும் ஊர்மக்களின் பொறுப்பு என்று வழக்கம் நிலைத்தது. ரெக்டர் உரிமை தூரத்து மடம் ஒன்றிடம் இருந்தால், மடம் தசமபாகத்தை வாங்கிக்கொண்டு சான்சலைக் கைவிட்டிருக்கலாம். ஊரில் கம்பளி வியாபாரம் கொழித்திருந்தால் நேவ் மாளிகைபோல உயர்ந்திருக்கும். இரண்டு பணப்பைகள் இருந்தன என்பதை மனதில் வைத்தால், ஆவணத்தில் யாருடைய கணக்கைத் தேடுவது என்பதும் தெளிவாகும்.

வெளியே தேட வேண்டிய தடயங்களில் மிகப் பயனுள்ளது கோபுரத்தின் கிழக்கு முகம். நேவ் கூரைக்கு மேலே தலைகீழ் 'வி' வடிவில் ஒரு கல் விளிம்பு தெரிந்தால், அது முன்பிருந்த செங்குத்தான கூரையின் கோடு. பின்னால் கிளியர்ஸ்டோரியை எழுப்பித் தட்டையான ஈயக் கூரை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பல ஊர்களில் இது 15-ஆம் நூற்றாண்டு வேலை.

பிறகு சுவரின் நேர்கோட்டுப் பிளவுகள். கற்கள் ஒன்றோடொன்று பின்னாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக நின்றால், அங்கே ஒரு கட்டடம் முடிந்து இன்னொன்று தொடங்கியிருக்கிறது. அடைத்த வாசல்கள், அடைத்த ஜன்னல்கள், வரிசை வரிசையாகத் தெரியும் சாரக்கட்டுத் துளைகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் சுவரின் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும். உள்ளே அதே வேலையை டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துச் செய்யலாம்.

உள்ளே வந்ததும் தூண் வரிசைகளை ஒப்பிடுங்கள். வடக்கு வரிசையும் தெற்கு வரிசையும் வேறு வேறு வடிவில் இருந்தால் ஐல்கள் வேறு வேறு காலத்தில் சேர்க்கப்பட்டவை. தூணுக்கு மேலே உள்ள சுவர் தூணைவிடப் பழையதாக இருக்கலாம் என்பது புதியவர்களுக்கு நம்ப முடியாத விஷயம். இருக்கும் சுவரைத் தாங்கி நிறுத்திக்கொண்டு, அடியில் வளைவுகளைக் குடைந்துதான் ஐல்களைச் சேர்த்தார்கள்.

4. வடிவத்தை வைத்துக் காலம் சொல்வது

இன்றும் புழங்கும் பாணிப் பெயர்களை 1817-இல் தாமஸ் ரிக்மன் வகுத்தார். ஆண்டுகளைத் தோராயமாகவே கொள்ளுங்கள். தலைநகரில் வந்த பாணி கிராமத்துக்கு வர ஒரு தலைமுறை ஆகலாம்.

1066-க்கு முன், சாக்சன்: உயரமான, குறுகலான நேவ், மெல்லிய சுவர், மூலைகளில் ஒரு கல் நெட்டாகவும் அடுத்தது கிடையாகவும் மாறி மாறி வரும் அடுக்கு, முக்கோணத் தலை ஜன்னல். நார்த்தாம்ப்டன்ஷயரின் ஏர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்தில் இவற்றில் சிலவற்றைப் பார்க்கலாம்.

1066 முதல் 1190 வரை, நார்மன்: தடித்த சுவர், அரைவட்ட வளைவு, அதன் விளிம்பில் 'வி' வடிவம் தொடர்ந்து வரும் ஜிக்ஜாக் அலங்காரம், சுவரோடு ஒட்டிய தட்டையான முட்டுச்சுவர்.

1190 முதல் 1250 வரை, ஏர்லி இங்கிலிஷ்: ஈட்டி முனை போன்ற ஒற்றை ஜன்னல்கள், இரண்டு மூன்று சேர்ந்து நிற்கும், தூண் தலையில் விறைத்த இலைகள்.

1250 முதல் 1350 வரை, டெக்கரேட்டட்: ஜன்னலின் தலைப்பகுதியில் கல் பின்னல், முதலில் வட்டங்களாக, பிறகு நெளிந்து ஓடும் கோடுகளாக. மூலையில் சாய்வாக நிற்கும் முட்டுச்சுவர் இந்தக் காலத்தில்தான் பரவியது.

1350 முதல் 1530-கள் வரை, பெர்பெண்டிகுலர்: ஜன்னலின் செங்குத்துக் கம்பங்கள் வளைவைத் தொடும்வரை நேராக ஏறும், வளைவு தட்டையாகும், கைப்பிடிச் சுவரில் கோட்டைப் பல் வரும்.

பெரிய பொறி இதுதான்: ஜன்னலின் காலம் சுவரின் காலம் அல்ல. வெளிச்சம் வேண்டி 15-ஆம் நூற்றாண்டில் பழைய சுவரை உடைத்துப் புது ஜன்னல் வைப்பது மிகச் சாதாரணம். ஜன்னலைச் சுற்றியுள்ள கற்கள் வெட்டிச் செருகப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். ஞானஸ்நானத் தொட்டியும் அப்படித்தான். கட்டடத்தைவிடப் பழையதாக இருக்கலாம், வேறு ஆலயத்திலிருந்தும் வந்திருக்கலாம். தொட்டி விளிம்பில் இரும்புக் கொக்கி பிடுங்கிய தழும்பு இருக்கிறதா பாருங்கள். புனித நீரை யாரும் திருடாமல் இருக்கத் தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்ட வேண்டும் என்று 1236-இல் ஆணை வந்தது. தழும்பு இருந்தால் அது 16-ஆம் நூற்றாண்டுத் திருச்சபைச் சீர்திருத்தக் காலத்துக்கு முந்திய தொட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

5. விக்டோரியா காலத்தவர்களைக் கண்டுபிடிப்பது

1840 முதல் 1900 வரை கைபடாத ஆலயம் மிகக் குறைவு. 'புதுப்பித்தல்' என்ற பெயரில் பெட்டி இருக்கைகளை (சுற்றித் தடுப்பும் கதவும் வைத்த பழைய இருக்கைகள்) பிடுங்கினார்கள், பூச்சைச் சுரண்டினார்கள், 15-ஆம் நூற்றாண்டு ஜன்னலை எடுத்துவிட்டு 13-ஆம் நூற்றாண்டு மாதிரி புதியது வைத்தார்கள். இதை எதிர்த்தே 1877-இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்.

அடையாளங்கள்: கல் விளிம்பு கூர்மையாகவும் உளித்தடம் ஒரே சீராகவும் இருக்கும். வடக்கு, தெற்கு ஜன்னல்கள் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் இருக்கும். இடைக்காலக் கொத்தர் அப்படிச் செய்வது அரிது. உள்சுவரில் பூச்சு இல்லாமல் கரடுமுரடான கல் தெரிந்தால் அதைப் பழமை என்று மயங்காதீர்கள். இடைக்காலத்தில் சுவர்கள் பூசப்பட்டு வண்ணம் தீட்டப்பட்டவை. கல் வெளியே தெரிவது 19-ஆம் நூற்றாண்டு ரசனை.

சந்தேகம் தீராவிட்டால் காகிதம்தான் தீர்க்கும். 1818-இல் தொடங்கிய ஒரு சங்கம் ஆலயங்களைக் கட்டவும் விரிவாக்கவும் மானியம் கொடுத்தது. மானியம் கேட்டவர்கள் அனுப்பிய வரைபடங்கள் லண்டனின் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் உள்ளன. பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். இருந்த நிலையும் செய்யப்போகும் மாற்றமும் ஒரே தாளில் இருக்கும் வரைபடம் கிடைத்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

6. பழகிப் பார்க்க ஓர் ஆலயம்: இஃப்லி

சொந்த ஊர் ஆலயத்தில் இறங்கும் முன் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய இஃப்லி புனித மரியாள் ஆலயத்தைப் பாருங்கள். 1170 வாக்கில் எழுந்த நார்மன் கட்டடம். ஐல் கிடையாது, நேவுக்கும் சான்சலுக்கும் நடுவில் கோபுரம். மேற்கு முகப்பில் ஜிக்ஜாக் அலங்காரமும் வளைவைக் கொத்திக்கொண்டிருக்கும் பறவைத் தலைகளும் உண்டு. அதற்கு மேலே உள்ள வட்ட ஜன்னலைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது 1856-இல் மீண்டும் செய்யப்பட்டது. நேவின் பெரிய பக்க ஜன்னல்கள் 15-ஆம் நூற்றாண்டு, சுவரோ 12. தெற்கு வாசலின் சிற்பங்கள் ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கின்றன என்றால், நெடுங்காலம் ஒரு போர்ச் அவற்றை மழையிலிருந்து காத்தது.

சான்சலின் கிழக்குக் கோடிக்குப் போனால் வளைவுகள் திடீரென்று கூர்மையாகின்றன. அந்தப் பகுதி 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீட்டப்பட்டது. இங்கே காகிதமும் துணைக்கு வருகிறது. அன்னோரா என்ற பெண் துறவி ஆலயத்தோடு ஒட்டிய அறையில் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்தார் என்பதும், 1232 முதல் 1241 வரை மூன்றாம் ஹென்றி அவருக்கு விறகு முதலானவற்றைக் கொடுத்தார் என்பதும் அரசுப் பதிவேடுகளில் உள்ளன. நீட்டிப்பை அவரோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. கால ஒற்றுமை இருக்கிறது. 'அவர் பணம் கொடுத்தார்' என்று எழுத அது போதாது.

7. காப்பகத்தில் எதைக் கேட்பது

பழைய பங்குப் பதிவேடுகள் பெரும்பாலும் அந்த மறைமாவட்டத்துக்குரிய கவுன்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும். நுழைவு இலவசம். பல காப்பகங்களில் ஒரே வாசகர் அட்டை செல்லும். அதற்குப் படமுள்ள அடையாளச் சான்று ஒன்றும் முகவரிச் சான்று ஒன்றும் கேட்பார்கள். புதிதாகக் குடியேறியவர்களுக்கு முகவரிச் சான்றுதான் சிக்கல்; எவற்றை ஏற்பார்கள் என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். மேசையையும் ஆவணங்களையும் முன்பதிவு செய்யுங்கள். சில சுவடிகள் வேறு கிடங்கில் இருக்கும், வந்து சேர நாள் பிடிக்கும். படம் எடுக்க நாள் கட்டணம் இருக்கலாம். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்.

ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை முதலில் கேட்காதீர்கள். 1538-இல் தாமஸ் கிராம்வெல் ஆணையால் தொடங்கிய அவை குடும்ப வரலாற்றுக்கு உதவும். கட்டடத்துக்கு அதிகம் உதவாது. நீங்கள் கேட்க வேண்டியவை: சர்ச்வார்டன் கணக்குகள், வெஸ்ட்ரி (பங்கு நிர்வாகக் கூட்டம்) குறிப்புகள், ஃபேகல்ட்டி கோப்புகள், உயில்கள்.

சர்ச்வார்டன் கணக்கு என்பது ஊர்மக்கள் சார்பில் ஆலயச் செலவைப் பார்த்தவர்களின் வரவு செலவு. லிங்கன்ஷயரின் லவுத் ஊரில் கூம்புக் கோபுரம் எழுப்ப 1501 முதல் 1515 வரை பிடித்தது, சுமார் 305 பவுண்டு செலவானது என்பதெல்லாம் இப்படிப்பட்ட கணக்கால்தான் தெரிகிறது. ஒப்பந்தம் கிடைத்தால் இன்னும் அதிர்ஷ்டம். சஃபோக்கின் வால்பர்ஸ்விக் ஊர்க்காரர்கள் 1426-இல் கோபுரம் கட்ட இரண்டு கொத்தர்களுடன் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு கஜத்துக்கு 40 ஷில்லிங் கூலி, ஆண்டுதோறும் ஒரு பீப்பாய் ஹெர்ரிங் மீன். கோபுரம் டன்ஸ்டால் ஊரில் உள்ளதுபோல இருக்க வேண்டும், வாசலும் ஜன்னல்களும் ஹேல்ஸ்வொர்த்தில் உள்ளவைபோல இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. உங்கள் ஆலயத்தின் வடிவம் பக்கத்து ஊரில் இருப்பதற்கும் இப்படியொரு காரணம் இருக்கலாம். சுற்றுவட்டார ஆலயங்களையும் பார்த்துவிடுங்கள்.

உயில்களில் "கோபுர வேலைக்கு" என்று விட்டுச்சென்ற தொகைகள் வரும். ஒன்றை மட்டும் வைத்துத் தேதி சொல்ல முடியாது. பத்து இருபது ஆண்டுகளில் வரிசையாக வந்தால் வேலை நடந்த காலம் பிடிபடும். சுண்ணாம்புச் சாந்து உறைபனியில் கெடும் என்பதால் குளிர்காலத்தில் கட்டும் வேலை நிற்கும். கோபுரத்துக்குப் பல ஆண்டுகள் பிடிப்பது அதனாலும்தான்.

1700-க்கு முந்திய கையெழுத்து முதலில் ஒன்றும் புரியாது. தேசியக் காப்பகத்தின் தளத்தில் 1500 முதல் 1800 வரையான கையெழுத்தைப் படிக்க இலவசப் பயிற்சி இருக்கிறது. போவதற்கு முன் ஒரு வாரம் பழகுங்கள். அதற்கும் முந்தியவை பெரும்பாலும் லத்தீன்.

8. தேதியிலும் பணத்திலும் தவறுவது

1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஆவணத்தில் "1640 பிப்ரவரி" என்று இருந்தால் நம் கணக்கில் அது 1641. குறிப்பில் 1640/41 என்று இரண்டையும் எழுதுங்கள். அரசரின் ஆட்சியாண்டை மட்டும் எழுதியிருந்தால், அது அவர் பட்டமேறிய நாளிலிருந்து எண்ணப்படும், ஜனவரியிலிருந்து அல்ல.

ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்னி. 'மார்க்' என்று வந்தால் அது நாணயம் அல்ல, கணக்கு அலகு: 13 ஷில்லிங் 4 பென்னி. பழைய தொகையை இன்றைய மதிப்புக்கு மாற்றி எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள். அதே கணக்கில் கொத்தரின் நாட்கூலி இருக்கும்; அதோடு ஒப்பிடுவதே நியாயம்.

டோம்ஸ்டே கணக்கெடுப்பில், அதாவது 1086-இல், உங்கள் ஊரில் ஆலயம் குறிப்பிடப்படவில்லையா? அப்போது ஆலயம் இல்லை என்று எழுதாதீர்கள். அது வருமானக் கணக்கு. பல ஆலயங்களை அது விட்டுவிட்டது.

9. கையேடுகளில் வரும் கதைகள்

சான்சலின் தாழ்வான ஜன்னலைத் தொழுநோயாளிகள் ஆராதனை பார்க்க வைத்தது என்பார்கள்; ஆதாரமில்லை. கல்லறைச் சிலையில் வீரன் காலைக் குறுக்கே போட்டிருந்தால் சிலுவைப்போருக்குப் போனவன் என்பார்கள். அது அந்தக் காலச் சிற்பப் பாணி. சான்சல் சற்றுக் கோணலாக இருப்பது சிலுவையில் சாய்ந்த இயேசுவின் தலை என்பார்கள். வேறு வேறு காலத்தில் கட்டியதில் வந்த அளவுப் பிழையே பெரும்பாலும் காரணம். எசெக்ஸின் கிரீன்ஸ்டெட் மர ஆலயம் 845-ஐச் சேர்ந்தது என்று நீண்டகாலம் நம்பினார்கள். 1990-களில் மர வளையங்களை ஆய்ந்தபோது அது 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு இறங்கியது.

சுவர்ப் பலகைகளைப் படிக்க ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள். மெட்ராஸ், புனித ஜார்ஜ் கோட்டை என்ற பெயர்கள் கண்ணில் படலாம். 1698 முதல் 1709 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், டார்செட்டின் பிளாண்ட்ஃபோர்ட் செயின்ட் மேரி ஆலயத்தில் 1726-இல் அடக்கம் செய்யப்பட்டார். இப்படி இந்தியாவில் சேர்த்த செல்வம் எந்தெந்த ஆலயங்களின் பழுதுபார்ப்புக்குப் போனது என்பது நம்மவர்கள் எடுத்துச் செய்ய வேண்டிய ஆய்வு.

10. எழுதும்போது

கட்டத்தாளில் தரைவடிவத்தை வரைந்து, ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் ஒரு வண்ணம் கொடுங்கள். உறுதியாகத் தெரிந்த சுவருக்கு முழுக்கோடு, ஊகத்துக்குப் புள்ளிக்கோடு. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் 'சுவர்', 'ஆவணம்', 'பிறர் சொன்னது' என்று மூன்றில் ஒன்றைக் குறித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எங்கிருந்து எடுத்தோம் என்ற குழப்பம் வராது. காப்பக ஆவணத்தின் படத்தை வெளியிடத் தனி அனுமதி வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் இருக்கலாம். பதில் வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் எழுதத் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். முடித்ததும் ஒரு பிரதியைச் சர்ச்வார்டனிடமும் இன்னொன்றைக் கவுன்டி காப்பகத்திலும் கொடுங்கள். இரண்டு இடத்திலும் வாங்கிக்கொள்வார்கள்.